மூன்று மணி ஸ்லாட்

பதிவேடு என் பொறுப்பு.
கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி மூன்று சுற்றறிக்கை வந்தாயிற்று.
ஏற்றுகிறேன். பிறகு
நீல நோட்டிலும் எழுதிவைக்கிறேன்.
கரண்ட் போனால் அதற்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது.

எட்டுத் துறை, நான்கு கல்லூரி,
எல்லோருக்கும் ஒரே மேசை.
காற்றில் மிதக்கிற மேசை அது.
பக்கத்தில் நாற்காலியை இழுத்தாலும் அசையாது.
ஆனாலும் தரமணிப் பாலத்தில்
பறக்கும் ரயில் போகையில்
திரையின் பச்சைக் கோட்டுக்கு மயிர்க்கூச்செறிகிறது.
அதனால் எலிமூளையின் ஒரே ஒரு செல் பேசுவதைக் கேட்க
கடைசி ரயில் போனபின் வரவேண்டும்,
முதல் ரயில் வருமுன் முடிக்கவேண்டும்.
பகலில் பாதிக் கட்டணம்தான்.
யாரும் கேட்பதில்லை.

கதவில் ஒரு தாள்:
லென்ஸில் எண்ணெயைத் துடைக்காமல் போனது யார்?
கீழே வேறொரு கையெழுத்து: நான் இல்லை.
அதற்கும் கீழே, பென்சிலில்: நானும்.
ஆறு மாதமாகக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

புதன் இரவு, பன்னிரண்டு முதல் மூன்று:
ச. செங்கொடி, வெளியார் கட்டணம்.
பல்லாவரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள்,
மடியில் தெர்மகோல் பெட்டி.
உள்ளே என்ன என்றாராம் கண்டக்டர்.
உப்புத்தண்ணி என்றாளாம்.
கடல் இருக்கிற ஊருக்கா கொண்டுபோறே என்று
லக்கேஜுக்கும் ஒரு டிக்கெட் கிழித்தாராம்.

அந்தத் தண்ணீரில்தான்
நகத்துணுக்கு கனத்தில் மூளைத் துண்டு
தலையில்லாமல், உடம்பில்லாமல்
ஆக்சிஜன் குமிழிக்கு நடுவே
இன்னும் சில மணி நேரம் உயிரோடிருக்கும்.
எதை நினைத்துக்கொண்டிருக்கும் என்று
வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன்.
சிரித்தார்கள். இப்போது கேட்பதில்லை.
கேட்காமல் இருப்பது வேறு, விட்டுவிடுவது வேறு.

ஊசியை விடச் சன்னமான கண்ணாடிக் குழாய்.
மறுமுனை அவள் வாயில்.
செல்லின் தோலைத் தொட்டதும்
மெல்ல உறிஞ்சவேண்டும், இளநீரின் கடைசிச் சொட்டைப் போல.
கொஞ்சம் கூடினால் கிழியும்,
குறைந்தால் ஒட்டாது.
பன்னிரண்டரைக்கு ஒன்று செத்தது.
ஒன்றேகாலுக்கு ஒன்று.
இரண்டு மணிக்கு இரண்டு.
இரண்டு ஐம்பதுக்கு
ஒட்டிக்கொண்டது.

மூன்று மணிக்காரன் இர்ஷாத்
ஒரு மணிக்கே துண்டு வெட்டித் தயாராக வைத்திருந்தான்.
அவனுடையதும் உயிர். அவனுடையதும் குறைகிறது.
கதவுக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தான்.
அவள் தோள் அசையவில்லை,
மூச்சுகூடத் திரைக்குப் போய்த்தான் திரும்பியது.
ஸ்பீக்கரில் டப், டப்டப்,
தகரத்தில் விழும் முதல் தூறல் மாதிரி.

கூடுதல் பத்து நிமிடத்துக்கு ஐந்நூறு ரூபாய் அபராதம்.
சுவரில் எழுதியதே நான்தான்.
அவன் கையை ஓங்கினான், தட்ட.
அப்புறம் அதே கையால் தலையைச் சொறிந்துகொண்டு
வராந்தாவில் தரையில் உட்கார்ந்தான்,
பீக்கரை இரண்டு பாதத்துக்கும் நடுவே வைத்து.
வாட்ச்மேன் எத்திராஜுலு டீ ஊற்றிக் கொடுத்தார்.
யாரும் ஒன்றும் பேசவில்லை.
குமிழி மட்டும்.

நாலு மணி பத்துக்கு அவள் வெளியே வந்தாள்.
மணி பார்த்தாள், அவனைப் பார்த்தாள்,
வாயைத் திறந்தாள்.
போங்க, போங்க, என் துண்டு காயுது என்று
உள்ளே ஓடினான்.

நோட்டில் எழுதினேன்:
செங்கொடி, முடித்த நேரம் 3.00.
இர்ஷாத், தொடங்கிய நேரம் 3.00.
இருபத்திரண்டு வருஷத்தில் பொய் எழுதியது
அந்தப் பக்கத்தில் மட்டும்.
கம்ப்யூட்டரிலும் அதையே ஏற்றினேன்.

அவனுக்கு ஒரு செல்தான் கிடைத்தது.
பதினொரு நிமிடம் பேசியது.
பன்னிரண்டாவது நிமிடம் கோடு முழுக்க நடுக்கம்,
மேசை தாங்கவில்லை,
பாலத்தில் முதல் ரயில்.
அழிக்கவா என்றேன்.
வேண்டாம் என்று கோப்புக்குப் பெயரிட்டான்:
செல் ஒன்று, கடைசியில் வேளச்சேரி.